ஒன்பதாவது பாட்டின் கீழ்க்குரல்

யேசு மரி சூசை துணை

செயின்ட்-மிஷேல், மொன்ட்ரியால்
5.10.2003

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

அம்மாவின் கால் தையல் மெஷினின் மிதியிலிருந்து எழும்பியதைத்தான் நான் முதலில் கவனித்தேன். ஒரு நாளும் அப்படி நடக்காது. தொழிற்சாலையிலிருந்து கொண்டுவரும் சட்டைக் கைகளை வீட்டில் தைக்கும்போது, சோறு பொங்கி வழிந்தாலும் அம்மா மெஷினை நிறுத்தமாட்டார். நான் ஒரு இசைத்தட்டைப் போட்டிருந்தேன். அதில் ஒன்பதாவது பாட்டு தொடங்கியதும் கால் எழும்பிவிட்டது.

நான் யாரென்று சொல்லாமல் எழுதிக்கொண்டு போகிறேன், மன்னிக்கவும். நான் சஜிதா. உங்கள் தங்கை மனோகரியின் மகள். வயது பதினேழு. நீங்களும் அங்குள்ள எல்லோரும் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். நாங்கள் சுகம். மன்னாரிலிருந்து இங்கே வந்து ஐந்து வருடமாகிறது. சண்டை நின்று பாதை திறந்த பிறகு ஊருக்குப் போய்வந்த அருமைராசா மாமாதான் நீங்கள் இன்னும் மானிப்பாயில் அதே வீட்டில் இருப்பதாகச் சொல்லி விலாசம் தந்தார்.

அந்தப் பாட்டுக்கு அம்மா வாயைத் திறக்காமல் ஒரு இராகம் முனகினார். ஆனால் தட்டில் இருந்த இராகம் அதுவல்ல. வேறொன்று. அப்படியிருந்தும் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தின.

"இதென்ன பாட்டு அம்மா?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. நிப்பாட்டு."

நான் எழும்பினேன்.

"எங்கை போறாய்? இரு. முடியட்டும்."

பிறகு எவ்வளவு கேட்டும், "அது நானும் அக்காவும் பாடினது" என்பதற்கு மேல் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நூல் கோத்தார். அமெரிக்கர் ஒருவர் பாடும் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்குத் தமிழில் சொற்கள் உண்டா? உண்டென்றால் எனக்கு எழுதி அனுப்புவீர்களா? நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

என்றும் உங்கள் ஆசீரை வேண்டும்,
சஜிதா


மானிப்பாய்
4.11.2003

சஜிதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம்.

இந்த வீட்டில் மூன்று பெயரைத் தலையில் போட்டுக் கடிதம் எழுதும் வழக்கம் இல்லை. உன் தாயார் கலியாணம் கட்டிப் போய் எனக்கு எழுதிய ஒரே கடிதத்தின் தலையிலும் அதே மூன்று பெயர்கள்தான் இருந்தன. அதற்குக் கீழே நான் வாசிக்கவில்லை. கத்தோலிக்கரைக் கட்டி எங்கள் சபையைவிட்டுப் போனவர் அதை எனக்குக் காட்டுவதற்கென்றே எழுதியிருந்தார். இப்போது மகளும் எழுதுகிறாய்.

பாட்டைப் பற்றி எனக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. படிப்பைக் கவனி.

றூத் செல்வமலர்


செயின்ட்-மிஷேல்
30.11.2003

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் சுகத்தை அறிந்தது சந்தோசம். இங்கே பனி தொடங்கிவிட்டது. எல்லோரும் நலம்.

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி வாசித்தேன். பெரியம்மா, நான் எதையும் காட்டுவதற்காக அதை எழுதவில்லை. மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சோதனைத் தாளிலும் அதை எழுதித்தான் தொடங்குவோம். அப்பாவின் ஆட்கள் கடைக்குப் போகும் துண்டிலும் அதைத்தான் முதலில் எழுதுவார்கள்: யேசு மரி சூசை துணை, கீழே அரை இறாத்தல் வெங்காயம். அதை எழுதாமல் கடிதம் தொடங்குவது பொத்தான் போடாமல் வெளியே போவதைப் போல. அம்மாவும் கலியாணம் கட்டிப் போன இடத்தில் எல்லோரும் செய்ததைப் பார்த்துச் செய்திருப்பார். உங்களை நோகச் செய்யவேண்டும் என்று நினைத்திருக்கமாட்டார். எனக்குத் தெரிந்த அம்மா அப்படிப்பட்டவர் அல்ல. இந்தக் கடிதத்தில் நான் அதை எழுதவில்லை. எழுதாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

படிப்பைக் கவனிக்கச் சொன்னீர்கள். நான் போன வருடமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். வகுப்பில் பிரெஞ்சில் வாசிக்கச் சொல்லி எழுப்பினால் எனக்குக் குரல் வராது. மற்றவர்கள் சிரிக்கத் தொடங்கினால் அடுத்த நாளும் வராது. வீட்டில் தொலைபேசி அடித்தால்கூட நான் எடுப்பதில்லை. இப்போது எங்கள் தெருமுனையில் உள்ள சலவைக் கடையில் உடுப்பு மடிக்கிறேன். உடுப்போடு கதைக்கத் தேவையில்லை.

கடைக்காரி மதாம் லீஸ் நல்ல மனுசி. அந்த இசைத்தட்டு அவருடையது. பாடுகிறவர் கார்லன் டீக் என்ற அமெரிக்கக் கிழவர். மட்டையில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு பழைய காரின் மேல் இருக்கிறார். நாற்பது வருடமாகப் பாட்டெழுதிப் பாடுகிறாராம். ஒரு பாட்டு ரயில் ஓடுவது போல இருக்கும். அடுத்ததில் மெக்ஸிக்கோக்காரர்கள் ட்ரம்பெட் ஊதுவார்கள். ஒன்றில் பாதியில் இருமிவிட்டு மன்னிப்புக் கேட்கிறார், அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். "ஒவ்வொரு பாட்டும் ஒவ்வோர் ஊர், ஓர் ஊரிலும் வாடகை கட்டாத மனுசன்" என்பார் மதாம் லீஸ். ஐந்தாவது பாட்டு லூசியானாப் பக்கத்துப் பிரெஞ்சு. அதைக் கேட்டு மதாம் லீஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "பார், இவர் பேசுவது உன் பிரெஞ்சைவிட மோசம். வெட்கப்படாமல் பாடுகிறார்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எனக்கு வீட்டுக்குத் தந்துவிட்டார். இதுவரை ஒருவரும் என் பிரெஞ்சைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை.

ஒன்பதாவது பாட்டில் ஒரு வாத்தியமும் இல்லை. ஆண்களும் பெண்களுமாக ஒரு கூட்டம் மட்டும் பாடுகிறது.

உங்களுக்கு எழுத விருப்பமில்லை என்றால் பரவாயில்லை. ஒரு கடிதம் எழுதினீர்களே, அதற்கு நன்றி. வரப்போகும் பாலன் பிறப்பு உங்களுக்குச் சந்தோசமாக இருக்கட்டும்.

அன்புடன்,
சஜிதா


மானிப்பாய்
19.1.2004

கர்த்தருக்குள் அன்பான பிள்ளை சஜிதாவுக்கு,

பண்டிகை வேலைகளால் உடனே எழுதவில்லை. மழைக்கு எனக்குச் சளி பிடித்து இப்போது சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் ஜெபிக்கிறேன்.

அரை இறாத்தல் வெங்காயத்தை வாசித்து நான் தனியே இருந்து சிரித்தேன். அப்படி ஒரு வழக்கம் இருப்பது எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் தெரியாது. கேட்டும் பார்க்கவில்லை.

உன் தாயார் முனகியது பிழையான இராகம் அல்ல. அது ஆல்ரோ. கூட்டமாகப் பாடும்போது பெண்களில் ஒரு பகுதி மேலே பாடும், மற்றப் பகுதி கீழே பாடும். நான் மேற்குரல். உன் தாயார் கீழ்க்குரல். எங்கள் பாடகர் குழாமில் கீழ்க்குரலுக்கு வேறு பிள்ளைகளும் இருந்தார்கள். இருந்தும் என்ன.

அமெரிக்கருடைய பாட்டு எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாய். எங்கள் சபையைத் தொடங்கியவர்களே அமெரிக்க மிஷனரிமார்தான். ஏறக்குறைய இருநூறு வருடத்துக்கு முன் கப்பலில் வந்து இங்கே பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள். பெட்டிக்குள் பாட்டுகளையும் கொண்டுவந்தார்கள். இராகத்தை அப்படியே வைத்துக்கொண்டு எங்கள் வாத்தியார் ஒருவர் தமிழில் சொல் எழுதினார். ஆற்றைக் கடப்பவர்களின் பாட்டு. எங்களுக்குத் தெரிந்த ஆறு மாரிக்கு மட்டும் ஓடும் வழுக்கியாறுதான், அதை நடந்தே கடக்கலாம். ஆனாலும் நன்றாகப் பாடினோம். ஆகவே உன்னுடைய தொப்பிக்காரரும் நாங்களும் ஒரே கடையில் வாங்கியவர்கள்.

மூன்று சரணம் உண்டு. முதலாவதைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மற்றவை இப்போது ஞாபகத்தில் இல்லை.

பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைக்கு இவ்வளவு வடிவான கையெழுத்தா?

அன்புடன்,
பெரியம்மா


செயின்ட்-மிஷேல்
15.2.2004

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் சளி சுகமானது அறிந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். இங்கே தெருவோரத்தில் பனி என் தோள் உயரத்துக்குக் கிடக்கிறது. அப்பாவும் நானும் சுகம். அம்மாவுக்குக் கழுத்தில் சிறிய வீக்கம், பெரிதாக ஒன்றுமில்லை.

"பெரியம்மா" என்று நீங்களே போட்டிருந்ததை எத்தனை தரம் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன்.

முதலாவது சரணத்தைப் பாடமாக்கிவிட்டேன். கடையில் உலர்த்தும் மெஷின்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது அவற்றுக்குப் பின்னால் நின்று பாடிப் பார்க்கிறேன். அந்தச் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்காது, அதனால் வருகிறது. நேற்று ஒரு மெஷின் திடீரென்று நின்றுவிட்டது. மதாம் லீஸ் மூலையிலிருந்து, "எந்த வானொலி அது? கூட்டி வை!" என்று கத்தினார். நான் உடுப்புக் குவியலுக்குள் தலையை விட்டுவிட்டேன்.

நான் பாடுவது மேற்குரலை அல்ல. அம்மா முனகுவதைக் கேட்டுக் கேட்டு அதுதான் எனக்கு வருகிறது. இப்போது அவர் தைக்கும்போது தானாகவே அந்தத் தட்டைப் போடச் சொல்கிறார். மூன்றாவது சரணம் வரும்போது மட்டும் முனகுவதை விட்டுவிட்டு உதட்டை இறுக்கிக்கொள்கிறார்.

அம்மா கோயிலில் ஏன் பாடுவதில்லை என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து காலை நீட்டிக்கொண்டிருந்தார்.

"கலியாணம் கட்டி இருவது வருசம். கொம்மா பாடி நான் கேட்டதில்லை, பிள்ளை. நானும் ஒருக்காக் கேட்டனான். தனக்குக் கீழ்க்குரல்தான் தெரியுமாம். மேலை ஒராள் பாடாட்டி அது பாட்டாய் இராதாம்."

"நீங்கள் மேலை பாடியிருக்கலாமே, அப்பா?"

"நான் பாடினா பங்குத்தந்தை பூசையை நிப்பாட்டிப்போடுவார்."

இரண்டாவது சரணம் ஞாபகம் வந்தால் அனுப்புங்கள். உங்களுக்கு மிகவும் நன்றி.

அன்புடன்,
சஜிதா


மானிப்பாய்
8.3.2004

கர்த்தருக்குள் அன்பான சஜிதாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

கழுத்து வீக்கம் என்று எழுதினாய். எந்தப் பக்கம்? விழுங்க முடிகிறதா? டாக்டர் என்ன சொன்னார்? மனோகரிக்குச் சிறு வயதிலேயே கழுத்தில் ஒரு தடிப்பு இருந்தது. அதை மறைக்கத்தான் எப்போதும் உயர்ந்த கழுத்துச் சட்டை தைத்துப் போடுவாள். "பெரிதாக ஒன்றுமில்லை" என்று எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. விபரமாக எழுது.

உன் தகப்பனார் சொன்னதையும் வாசித்தேன். அவரைச் சுகம் கேட்டதாகச் சொல்.

இரண்டாவது சரணம் பின்னால் இருக்கிறது. மூன்றாவது ஞாபகம் வரவில்லை. எங்கள் கோயிலில் ஓர்கன் வாசிக்கும் மாக்கிரட் அந்த அமெரிக்கர் பாடுவதைக் கேட்கவேண்டுமாம். நான் கேட்கவேண்டும் என்றில்லை.

பெரியம்மா


செயின்ட்-மிஷேல்
28.3.2004

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். இந்த முறை விபரமாக எழுதுகிறேன்.

அது கழலை. இரண்டு பக்கமும் வளர்ந்து மூச்சுக்குழாயை அழுத்துகிறது. ஏப்ரல் இருபத்தொன்பதாம் திகதி ஒப்பரேசன். குரலுக்குப் போகும் நரம்பு அதன் பின்னால் ஓடுகிறதாம். கவனமாகத்தான் வெட்டுவார்கள், ஆனாலும் குரல் மாறலாம், திரும்பி வராமலும் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மொழிபெயர்க்க ஆள் இல்லாததால் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னது நான்தான். அம்மா, "என்ரை குரலை வைச்சு என்ன செய்யப்போறன், தைக்கக் கை இருந்தாக் காணும்" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அந்த இராகத்தை முனகிக்கொண்டு வந்தார். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தும் நிறுத்தவில்லை.

பெரியம்மா, அம்மாவுக்குக் குரல் இருக்கும்போதே இந்தப் பாட்டைச் சொல்லோடு முழுதாக ஒரு தரம் பாடவேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. உங்கள் கையெழுத்தில் மூன்று சரணத்தையும் ஒன்றாக அவர் மடியில் வைத்தால் பாடுவார் என்று நினைக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்கக்கூடாது. மூன்றாவது சரணம் உங்களுக்கு மறக்கவில்லை, இல்லையா? பாட்டு முடிந்தால் கடிதமும் நின்றுவிடும் என்று நினைத்தீர்களானால், நிற்காது. நான் எழுதுவேன். எனக்கு வாயால் கதைக்கத்தான் கூச்சம்.

தட்டை வேறொரு சீடியில் பிரதி எடுத்து இதற்குள் வைத்திருக்கிறேன். மாக்கிரட் அக்காவுக்கு. நீங்கள் கேட்கவேண்டும் என்றில்லை.

உங்கள் அன்புள்ள,
சஜிதா


மானிப்பாய்
14.4.2004

என் அன்பான பிள்ளைக்கு,

உன் கடிதம் பெரிய வெள்ளிக்கு மறுநாள் வந்தது. தட்டை மாக்கிரட் வீட்டில் போட்டுக் கேட்டோம். நித்திரையால் எழும்பிவந்தவர் போல அந்த மனுசனுக்கு ஒரு குரல். ஆனால் ஒன்பதாவது பாட்டில் தொண்டையைக் காட்டாமல் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறார். அது நல்ல பழக்கம்.

மூன்றாவது சரணத்தை எழுதியிருக்கிறேன். அந்தச் சரணத்தில் ஓர் இடம் உண்டு. ஆற்றின் நடுவில் மேற்குரல் நின்றுவிடும். இரண்டு அடிக்குக் கீழ்க்குரல் மட்டும் தனியே போகும். பிறகு மேற்குரல் வந்து சேரும். உன் தட்டிலும் அப்படித்தான். இங்கே இருபது வருடமாக நாங்கள் அந்தப் பாட்டை இரண்டு சரணத்தோடு முடித்துவிடுகிறோம். நேரம் போதாது என்று சபையாருக்குச் சொல்லியிருக்கிறேன்.

உள்ளே ஒட்டிய கடிதம் ஒன்று வைத்திருக்கிறேன். அது மனோவுக்கு. பிரிக்காமல் கொடு.

எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. சந்தியில் உள்ள கொமினிக்கேசன் கடையின் இலக்கம் கீழே இருக்கிறது. மே மாதம் பதினாறாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு அங்கே இருப்பேன். உங்களுக்கு அது காலை ஏழு என்று கடைக்காரர் இரவிச்சந்திரன் சொல்கிறார். ஒருவரும் கோல் எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, இருந்துவிட்டு வருவேன்.

ஒப்பரேசன் நாளில் நான் உபவாசம்.

பெரியம்மா


செயின்ட்-மிஷேல்
17.5.2004

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

அப்பாவும் அம்மாவும் உங்களைச் சுகம் கேட்டு எழுதச் சொன்னார்கள். கடைசியில் எழுதலாம் என்று விட்டால் மறந்துவிடுவேன், அதனால் முதலிலேயே எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் நலம். உங்களுக்கும், மாக்கிரட் அக்காவுக்கும், கடைக்காரருக்கும் நன்றி.

நேற்றுத் தொலைபேசியில் நீங்கள் ஒரு பக்கம்தான் கேட்டிருப்பீர்கள். இந்தப் பக்கம் நடந்ததை எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் ஒப்பரேசனுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு நாளும் தபால்காரரைப் பார்த்திருந்தேன், முந்தவில்லை. அம்மா பாடாமலே உள்ளே போனார். வெளியே வந்தபோது கழலை முழுதாக எடுத்தாயிற்று, ஆபத்தான கட்டி அல்ல என்றார்கள். குரல் மட்டும் வரவில்லை. காற்றுத்தான் வருகிறது. சில மாதத்தில் வரலாம், பொறுத்திருங்கள் என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். அம்மா விலாசத்தின் கையெழுத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒக்டோபரிலிருந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். பிரித்ததும் தலையில் இருந்ததை எனக்குத் திருப்பிக் காட்டினார். யேசு மரி சூசை துணை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதன் மேல் விரலை வைத்தபடி, அதற்குக் கீழே வாசிக்கவே நெடுநேரம் போயிற்று. அப்பா எழும்பிப்போய்த் தேத்தண்ணி போட்டார். கீழே என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

நேற்றுக் காலை அப்பா இலக்கத்தை அழுத்திவிட்டு, "நீ கதை பிள்ளை, எனக்குப் பயமாக் கிடக்கு" என்று றிசீவரை என்னிடம் தந்துவிட்டார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. "பெரியம்மா, அம்மாவாலை கதைக்க ஏலாது, ஆனாக் கேக்கிறா" என்றேன். அது மட்டும்தான் வந்தது. நீங்கள் "மனோ" என்றீர்கள். உடனே பாடத் தொடங்கினீர்கள். கடைக்குள் ஆட்கள் கதைத்துக்கொண்டிருந்தது கேட்டது. முதலாவது சரணம் முடியுமுன் அதுவும் நின்றுவிட்டது.

றிசீவரை எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் பிடித்திருந்தேன். அம்மாவின் தலை என் தலையில் முட்டிக்கொண்டிருந்தது. இரண்டு சரணமும் அவருடைய உதடு உங்களோடு சேர்ந்து அசைந்தது. மூன்றாவதில் அந்த இடம் வந்தது. நீங்கள் நின்றீர்கள். அம்மா மூச்சு இழுத்து வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. திரும்பவும் இழுத்தார். "லைன் அறுந்துபோச்சோ அம்மா?" என்று அங்கே கடைக்காரர் கேட்டது எங்களுக்குக் கேட்டது. அறுந்துபோகவில்லை, பெரியம்மா. அம்மா றிசீவரைப் பிடித்திருந்த என் கையைத் தன் கையால் பொத்தி, என் வாய்ப்பக்கமாகத் தள்ளினார்.

நான் கீழ்க்குரலை எடுத்துப் பாடினேன்.